பழைய கைபேசிகளைப் பிரித்துப் பார்க்கும் மகளுக்கு என்ன படிப்பு?

அம்மா, நேற்று நீங்கள் மகளோடு வந்து, வீட்டை அடகு வைத்தாவது அவளைக் கணினிப் பொறியியல் படிக்க வைக்கலாமா என்று கேட்டுப் போன பிறகு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணனும் உடன் இருந்ததால் சமாதானமாகவே பேசி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முக்கால் மணி நேரம் பெரியவர்கள் நாம்தான் பேசினோம். அவள் வாயே திறக்கவில்லை. பழுதான கைபேசிகளைப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நீங்கள் குறைப்பட்டபோதுதான் நிமிர்ந்தாள். கைபேசிக்குள் இருக்கும் போர்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், எந்த இடத்தில் தங்க முலாம் இருக்கும், ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் காந்தம் ஏன் அவ்வளவு வலுவாக இழுக்கிறது என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவளைக் கணினிப் பொறியியலில் தள்ளுவது தவறு. அதற்காக வீட்டை அடகு வைப்பது அதைவிடப் பெரிய தவறு. உறவுக்காரர்கள் பிள்ளைகள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள் என்பது ஒரு காரணமே இல்லை. கடனைக் கட்டப்போவது அவர்கள் அல்ல.

மற்ற வழக்கமான படிப்புகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: உலோகவியல், அதாவது மெட்டலர்ஜி. அதில் மின்னணுக் கழிவிலிருந்து உலோகத்தை மீட்கும் துறை.

‘குப்பை பொறுக்கவா பெண்ணைப் படிக்க வைக்கிறோம்?’ என்று உங்கள் அண்ணன் கேட்டார். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம் தங்கம் கிடைத்தாலே சுரங்கம் ஓடும். ஒரு டன் கைபேசி போர்டுகளில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. 2022-இல் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். தவறி அரவை இயந்திரத்துக்குள் போனால் தீப்பிடிக்கும். அரைத்த துண்டுகளிலிருந்து இரும்பைக் காந்தம் இழுத்துவிடும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதனால் வேகமாகச் சுழலும் காந்தத்தின் மேல் ஓட்டி, அலுமினியத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி, பெல்ட்டிலிருந்து எகிறி விழ வைக்கிறார்கள். போர்டுகள் செம்பு உருக்காலைக்குப் போகின்றன. ஸ்வீடனின் ரொன்ஷேர் உருக்காலை பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. உருகிய செம்பு தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாவற்றையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்தச் செம்பைத் தகடாக வார்த்து மின்பகுப்பு செய்தால், அதாவது கரைசல் தொட்டியில் வைத்து மின்சாரம் செலுத்தினால், தூய செம்பு ஒரு பக்கம் படியும். தொட்டியின் அடியில் கருத்த சேறு தங்கும். தங்கம் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

எல்லாமே மீண்டுவிடுவதில்லை. காந்தத்தில் உள்ள நியோடிமியம், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் என்ற சிறு பாகத்தில் உள்ள டான்டலம் ஆகிய உலோகங்கள் உலைக்குள் போனால், உருக்கும்போது ஒதுங்கும் கசடோடு கலந்து வீணாகின்றன. அவற்றைக் கட்டுப்படியாகும் செலவில் எடுக்க இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் மகள் காந்தத்தைப் பற்றிப் பேசியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, சம்பளம் யார் தருவார்? 1990-இல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: பொருளைச் செய்து விற்றவருக்கே அது கழிவான பிறகும் பொறுப்பு உண்டு. ஜப்பானில் டிவி, ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு 2001-இல் இப்படிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கொண்டுவந்தது. இந்தியாவில் 2012 முதல் விதிகள் இருக்கின்றன. சட்டம் வந்ததும் நிறுவனங்களுக்கு இதைத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். உள்ளே போன கழிவின் எடையும் வெளியே வந்த உலோகத்தின் எடையும் பொருந்துகிறதா என்று ஒருவர் சரிபார்க்க வேண்டும். வெறும் காகிதத்தில் மறுசுழற்சி செய்துவிட்டதாகக் காட்டுபவர்களைப் பிடிப்பது அந்த வேலைதான். இன்னொருவர் உற்பத்தியாளரின் வடிவமைப்புக் குழுவில் உட்கார்ந்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டாதே, கழற்றும்படி வை என்று வாதாட வேண்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல், கையடக்கச் சாதனத்தை வாங்கியவரே அதன் பேட்டரியைக் கழற்றும்படி இருக்க வேண்டும் என்பது, சில விலக்குகளோடு, சட்டம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கலாம். பெரிய உருக்காலைகள் உலகிலேயே குறைவு. வேலைக்காக இடம் பெயர வேண்டிவரும். வேலைக்குச் சேரும் இடத்தில் புகை உறிஞ்சும் வசதி இருக்கிறதா, ஊழியர்களின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கிறார்களா என்று கேட்டுத்தான் சேர வேண்டும். வயரைத் திறந்த வெளியில் எரித்துச் செம்பு எடுக்கும் இடத்தில் பயிற்சிக்குக்கூட அனுப்பாதீர்கள்.

‘மின்கழிவு மேலாண்மை’ என்று புதுப் பெயர் வைத்த இளநிலைப் பட்டத்தில் பணத்தைப் போடாதீர்கள். உலோகவியல், அது கிடைக்காவிட்டால் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) அல்லது வேதிப் பொறியியல் என்று அடிப்படைப் படிப்பை எடுக்கட்டும். அப்புறம் முதுநிலையில் மறுசுழற்சிக்குப் போகலாம். கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். உலை உள்ள ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மாணவர்கள் கடைசியாக எப்போது வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் அடைக்க முடியாத கடன் எந்தப் படிப்புக்கும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, இன்றே செய்ய வேண்டியது. அவள் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆனால் உள்ளே உப்பிப்போன பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் குத்தாமல், அழுத்தாமல், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். ஆசிட் ஊற்றித் தங்கம் எடுக்கும் வீடியோக்களை அவளும் பார்த்திருப்பாள். வீட்டில் அதைச் செய்து பார்க்கக் கூடாது என்று நான் சொன்னதாகக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவளைத் தனியாக அனுப்புங்கள், ஓர் அரை மணி நேரம் அவளோடு மட்டும் பேச வேண்டும்.