நகோயா போகிறவர் கோபேக்கு ஓடணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. பயிற்சிக்காக நகோயா அனுப்புகிறார்கள். நான் பீஃப் சாப்பிடுவேன். ஆபீஸில் எல்லோரும் ‘கோபே போய் வாக்யூ சாப்பிடு’ என்கிறார்கள். போகலாமா? – ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் நகோயாவில் இருந்துகொண்டு எதற்கு? வாக்யூ என்பது ஜப்பானிய இறைச்சி மாட்டினங்களுக்கான பெயர். கோபே, மத்சுசாகா, ஹிதா என்று ஊர்ப் பெயரில் விற்கும் இறைச்சி எல்லாமே கறுப்பு வாக்யூ இனம்தான். எந்த வம்சம், எங்கே வளர்ந்தது, கொழுப்பு எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று பார்த்து அந்தந்த ஊர் முத்திரை குத்துகிறார்கள். கோபே முத்திரை ஹ்யோகோ மாகாணத்து தஜிமா வம்சத்துக்கு மட்டும்.

உங்களுக்குப் பக்கம் ஹிதா பகுதியில் இருக்கும் தகாயாமா. ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், மலைப்பாதை, ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது ஹோபா மிசோ. நம் மந்தார இலை மாதிரி காய்ந்த பெரிய மக்னோலியா இலையைச் சின்னக் கரியடுப்பில் வைத்து, மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதைப் பரப்பி, வெங்காயத்தாள், காளான், ஹிதா பீஃப் எல்லாம் போட்டு உங்கள் மேசையிலேயே கொதிக்க விடுவார்கள். ஓரத்தில் மிசோ லேசாகக் கருகும்போது சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும், அதற்குமேல் விட்டால் உப்புக் கரிக்கும். தெருவில் ஹிதா பீஃப் சுஷியும் விற்கிறார்கள், தட்டுக்குப் பதில் அரிசி அப்பளம், அதையும் சேர்த்தே தின்றுவிடலாம்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மத்சுசாகா. அங்கே கன்று ஈனாத கிடேரிகளின் இறைச்சிதான் அந்தப் பெயரில் விற்கும். சுகியாகி சாப்பிடுங்கள். அந்தப் பக்கம் இரும்புச் சட்டியில் கொழுப்பைத் தேய்த்து, இறைச்சியை முதலில் வாட்டி, அதன்மேலேயே சர்க்கரையும் சோயா சாஸும் போடுவார்கள். தோக்கியோவில் முதலிலேயே கலந்த சாறை ஊற்றிவிடுவார்கள். எனக்கு மத்சுசாகா பக்கத்து முறைதான் ஒசத்தி. தொட்டுக்கொள்ள பச்சை முட்டை வரும், அங்கே பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே சுத்தம் செய்து விற்கிற முட்டை, பயம் வேண்டாம்.

அப்புறம் ‘ஏ5’ என்ற போர்டைப் பார்த்து மயங்காதீர்கள். ‘ஏ’ என்பது அந்த மாட்டில் எவ்வளவு இறைச்சி தேறியது என்கிற கணக்கு, சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. 5 என்பதுதான் தரம். கொழுப்பு அதிகம், 100 கிராமுக்கு மேல் பலருக்கும் திகட்டிவிடும். மதியச் சாப்பாட்டு செட்டாக வாங்கினால் இரவு விலையைவிட நன்றாகவே குறையும்.

கேள்வி: சென்னையில் ‘ஜப்பான் வாக்யூ’ என்று மெனுவில் பார்த்தேன். நிஜம்தானா? – ஒரு வாசகி, அண்ணா நகர்

பதில்: இந்தியாவுக்குள் மாட்டிறைச்சி இறக்குமதிக்கே தடை இருக்கிறது, எந்த வடிவிலும். அப்படியிருக்க ஜப்பானிலிருந்து முறையாக எப்படி வரும்? காசு கொடுக்கும் முன் எந்த ஊர் மாடு, மாட்டின் எண் என்ன என்று கேளுங்கள். ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் உண்டு, நல்ல கடைகள் அதைக் காட்டும். தாம்பரம் வாசகரும் கவனிக்க: பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனை வேண்டாம்.

கேள்வி: மாட்டுக்கு பீர் ஊற்றி மசாஜ் செய்வார்களாமே? – ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பசி மந்தமான மாட்டுக்குச் சில பண்ணைகளில் பீர் கொடுத்ததுண்டு. ஊரெல்லாம் அப்படி இல்லை. வம்சமும், சுமார் 30 மாதம் வரை வைக்கோலும் தானியமும் போட்டு வளர்ப்பதும்தான் அந்தக் கொழுப்புக்குக் காரணம். பீரை நீங்களே குடியுங்கள்.