ஃபனூரோபித்தா நடுவில் வேகவில்லையா?

கேள்வி: ஏதென்ஸில் வசிக்கிறேன். தொலைந்த சங்கிலி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதால் ஃபனூரோபித்தா கேக் செய்தேன். நடுப்பகுதி களியாகிவிட்டது. முட்டை சேர்க்கலாமா? சந்தையில் பெரிய தகர டின்னில் விற்கும் ஆலிவ் எண்ணெய் போதுமா?

பதில்: முட்டை கூடாது. தொலைந்ததைக் காட்டித் தருவார் என்று கிரேக்கர்கள் நம்பும் புனித ஃபனூரியோஸுடைய தாயாரின் ஆன்மாவுக்காகப் படைக்கும் நோன்புக் கேக் இது. பாலும் வெண்ணெயும்கூடக் கிடையாது. அவருடைய திருநாளான ஆகஸ்ட் 27 நோன்புக் காலத்தில் வருவதில்லையே என்று வாதாடலாம். வென்றாலும் அந்த அம்மா உங்கள் கேக்கைத் தொடமாட்டார்.

களிக்குக் காரணம் சமையல் சோடா. ஆரஞ்சுச் சாற்றில் போட்டதும் பொங்கும் நுரைதான் இங்கே முட்டையின் வேலையைச் செய்கிறது. அது அடங்குவதற்குள் மாவில் ஊற்றி, கட்டியில்லாமல் கலந்து, 180 டிகிரி சூடேறிய அடுப்பில் வைத்துவிட வேண்டும். இடையில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்காதீர்கள். அரைக் கிலோ மாவுக்கு எண்ணெய் ஒரு கப், சர்க்கரை ஒரு கப், சாறு ஒன்றரை கப், சோடா ஒரு தேக்கரண்டி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

பொருள்கள் 7, 9 அல்லது 11 என்று ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மேற்சொன்ன ஐந்தோடு பட்டை, கிராம்பு, வால்நட், உலர்திராட்சை சேர்ந்தால் 9. கடையில் சோடா கலந்தே வரும் மாவை வாங்கினீர்களானால் தனிச் சோடா வேண்டாம். கணக்கு 8 ஆகிவிடும். ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு 9 ஆக்குங்கள். அப்புறம் கொஞ்சம் பிராந்தி ஊற்ற ஆசை வந்தால் 10. உப்புச் சிட்டிகையையும் எண்ணி 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். புனிதர் எண்ணிப் பார்ப்பாரோ என்னவோ, பக்கத்து வீட்டு அம்மா பார்ப்பார்.

இனி அந்தத் தகர டின். 'எங்கள் மாமா தோட்டத்து எண்ணெய்' என்று எவராவது சொன்னால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். சில்லறை விற்பனைக்கு 5 லிட்டருக்கு மேற்படாத, முத்திரையிட்ட, பெயர் ஒட்டிய கொள்கலன்தான் என்பது ஐரோப்பியச் சட்டம். சட்டமும் இருக்கிறது, பெயரில்லாத 17 கிலோ டின்னும் இருக்கிறது. தட்டிக் கேட்கத்தான் ஆள் குறைவு. சூரியகாந்தி எண்ணெயில் பச்சை நிறமேற்றி ஆலிவ் என்று விற்றுப் பிடிபட்டவர்கள் இந்த நாட்டிலேயே உண்டு. சூரியகாந்தி எண்ணெயிலும் இந்தக் கேக் நன்றாகவே வரும். அதற்கு ஏன் ஆலிவ் விலை கொடுக்க வேண்டும்?

திருநாளுக்குச் செய்வதானால், 26 மாலை வழிபாட்டுக்குக் கேக்கை முழுதாக எடுத்துச் செல்லுங்கள். குருவானவர் ஆசி வழங்கிய பிறகுதான் கத்தி.