எல்லைக் கல்லைத் தாண்டிய திட்டம்: படாங் செராய் அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள படாங் செராயையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்த அன்பர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை: வட்டார வளர்ச்சி என்று பேசப்படும்போது தோட்டத்து மக்களுக்கு அதில் இடம் உண்டா என்பதே அந்தக் கவலை. ஊராட்சி மன்றமொன்றின் நகரத் திட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி): ஐயா, எங்களுடையது சிறிய ஊர். அதற்கென்று ஒரு திட்டம் போதாதா? பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஏன் திட்டமிட வேண்டும்?

உங்கள் ஊரில் விடியற்காலையில் புறப்படும் தொழிற்சாலைப் பேருந்துகள் எங்கே போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சில கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும், சில மாநில எல்லையைக் கடந்து பினாங்கு மாநிலத்தின் பிறைக்கும் பத்து காவானுக்கும் போகின்றன. படாங் செராய் கூலிம் நகராண்மைக் கழகத்தின் கீழ் உள்ளது. 1996-இல் திறக்கப்பட்ட அந்தத் தொழில் பூங்காவுக்குத் தனி ஊராட்சி மன்றம் உண்டு. பிறை செபெராங் பிறை மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. ஒரே குடும்பத்தில் தகப்பன், மகள், மருமகன் மூவரும் மூன்று மன்றங்களின் எல்லைக்குள் வேலை செய்கிறார்கள். ஒரு மன்றம் தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்கும்போது, அங்கே வேலைக்கு வருபவர்களின் வீடு, சாலை, பேருந்து, குழந்தைகள் காப்பகம் ஆகியவை இன்னொரு மன்றத்தின் பொறுப்பாகிவிடுகின்றன. இருவரும் ஒரே மேசையில் அமராவிட்டால் வேலை ஒரு பக்கமும் சுமை மறுபக்கமும் சேரும். சுமை சேரும் பக்கத்தில்தான் நம் ஊர் இருக்கிறது.

கேள்வி (தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் வசிக்கும் இல்லத்தரசி): மழை வந்தால் எங்கள் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. கால்வாயைத் தூர்வாரினால் போதும் என்கிறார்கள். உண்மையா?

தூர்வாருவது தேவை, ஆனால் அது போதாது, அம்மா. உங்கள் கால்வாய்க்கு வரும் நீர் உங்கள் தாமானில் பெய்த மழை மட்டுமன்று. மேட்டில் இருந்த ரப்பர் அல்லது செம்பனைத் தோட்டம் அழிக்கப்பட்டுத் தாரும் கூரையுமாக மாறினால், மண் குடித்துக்கொண்டிருந்த நீர் அத்தனையும் ஒரே நேரத்தில் கீழே ஓடி வரும். அந்த மேட்டு நிலம் வேறொரு மன்றத்தின் எல்லையில் இருக்கலாம். 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் வட்டாரத்தில் மலையிலிருந்து மரக்கட்டைகளும் சேறுமாக இறங்கி உயிர்களைப் பறித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அங்குள்ள கூப்பாங் ஆறு கெத்தில் ஆற்றிலும், கெத்தில் ஆறு மூடா ஆற்றிலும் சேர்கிறது. பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பெரும்பகுதி அந்த மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. மேல்மலையில் ஒரு மாநிலம் எடுக்கும் முடிவு கீழே இன்னொரு மாநிலத்தின் குழாய்வரைக்கும் வந்து சேர்கிறது.

உங்களால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வெள்ளத்தின் போதும் நீர் சுவரில் எந்த உயரம் வரை வந்தது, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு வடிந்தது என்பதைத் தேதியோடு எழுதிப் படம் எடுத்து வையுங்கள். மாவட்ட அளவிலான பேரிடர் நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட அதிகாரியே தலைவர். அவரிடம் பத்து வீடுகளின் பதிவுகளை ஒன்றாக வைத்தால், அது புகாராக அல்லாமல் ஆதாரமாகப் படிக்கப்படும்.

கேள்வி (லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த இளைஞர்): திட்டம் எழுதி முடித்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வருகிறது. பொதுமக்கள் எப்போது பேச முடியும்?

வந்திருக்கும் கேள்விகளில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம், அதாவது 172-ஆம் சட்டம், ஒரு வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டைக் குறிக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும் என்றும் கூறுகிறது. அந்தக் கட்டத்தில் நீங்கள் நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை; எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, விசாரணையில் நேரில் பேசவும் கேட்கலாம்.

ஆனால் உள்ளூர்த் திட்டம் இல்லாத ஓரிடத்தில் ஒருவர் மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், அறிவிப்பு அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கே அனுப்பப்படும். அவர்களுக்கு 21 நாள் அவகாசம். மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர், ஆகவே அவர் பெயருக்குக் கடிதம் வராது. நான் பணியாற்றிய காலத்தில், ஒரு தோட்டத்து மக்கள் தாங்கள் வாழும் நிலத்தின் பயன்பாடு மாறப்போவதை நில அளவையாளர் வந்து முளைக்குச்சி அடித்த நாளில்தான் அறிந்தார்கள். கோயிலும் சுடுகாடும் வரைபடத்தில் வெறும் காலியிடமாகக் கிடந்தன. அவற்றை முன்கூட்டியே குறிக்கும்படி நான் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: தனி விண்ணப்பம் வரும்வரை காத்திருக்காமல், வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும் அந்த நான்கு வாரத்தில் கோயில், பள்ளி, சுடுகாடு, லயம் ஆகிய ஒவ்வொன்றும் வரைபடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

கேள்வி (பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்): எங்கள் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வட்டாரத் திட்டம் இதற்கு உதவுமா?

உதவும். மக்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. புதிய குடியிருப்புகள் எங்கே வரும் என்பதை வரைவிலேயே பார்த்து, பள்ளிக்கு நிலம் ஒதுக்கும்படி அப்போதே கேட்க வேண்டும்.

கேள்வி (சிறுதொழில் செய்பவர்): தொழிற்சாலைகள் வந்தால் போதாதா? தோட்ட மக்களுக்கென்று வேறு பொருளாதாரம் எதற்கு?

ரப்பர் ஒன்றையே நம்பியிருந்தபோது என்ன நடந்தது என்பதை நம் பெற்றோர் அறிவார்கள். 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடியபோது தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பதிலாகத்தான் அன்றைய ம.இ.கா. (இந்தியர் காங்கிரஸ் கட்சி) தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளி (நம் நாட்டு நாணயம்) பங்குக்கு மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பால்மரத் தொழிலாளர்களின் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. இன்று மின்னணுத் தொழிற்சாலைகளை மட்டும் நம்புவதும் ரப்பரை மட்டும் நம்பியதைப் போன்றதே; வெளிநாட்டுத் தேவை குறைந்தால் கூடுதல் நேர வேலை முதலில் நிற்கும். உணவு தயாரிப்பு, பழுதுபார்ப்பு, போக்குவரத்து, முதியோர் பராமரிப்பு என உள்ளூரிலேயே சுழலும் பணமும் வேண்டும். அதற்குக் குறைந்த வாடகையில் கடையிடமும் பட்டறையிடமும் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

கேள்வி (பொது இயக்கப் பொறுப்பாளர்): கெடாவும் பினாங்கும் உண்மையிலேயே சேர்ந்து அமருமா?

அதற்கான வழி சட்டத்தில் இருக்கிறது. அதே 172-ஆம் சட்டத்தின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவிய வட்டாரத்துக்குத் திட்டக் குழு அமைக்க இடமளிக்கிறது. பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக்கின் வட பகுதி ஆகியவற்றை உள்ளடக்கிய வட மண்டலப் பொருளாதாரத் திட்டம் 2007-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டபின் மன்ற உறுப்பினர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். ஆகவே மேலே குழு அமைந்தால் தோட்டத்தின் குரல் தானாகவே அங்கே ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம். எல்லைக்கு இரு பக்கமும் உள்ள கோயில் குழுக்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் முதலில் ஒன்றுகூடி, ஒரே கோரிக்கையை இரண்டு மன்றங்களுக்கும் ஒரே நாளில் கொடுப்பதே நான் கண்ட வழிகளில் பலன் தந்தது.

கேள்வி (அதே இளைஞர்): கடிதத்தை எப்படி எழுதுவது, ஐயா?

மலாய் மொழியில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், தம்பி. நிலத்தின் லாட் எண்ணை, அதாவது நிலத்துண்டின் பதிவு எண்ணை, முதலில் அறிந்துகொண்டு நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தேடல் செய்தால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். அந்த எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பிறகு அங்கே எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, எது மாற வேண்டும், எது அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதி, வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு இணையுங்கள். மன்ற அலுவலக முகப்பில் கொடுத்தபின் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலிலும் கேட்டு வாங்குங்கள். விசாரணைக்கு அழைக்கும்போது அந்த நகல்தான் உங்கள் கையில் இருக்கும்.