இருபத்தோராவது மணி நேரம்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் மாணவர் விசாவில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கிறேன். ஓர் உணவகத்தின் சமையலறையில் வாரம் இருபது மணி நேரம் பகுதிநேர வேலை. ஜூன் மாதத்தோடு வகுப்புகள் முடிந்துவிட்டன, ஆய்வேடு மட்டுமே பாக்கி. இது கோடை விடுமுறை, முழுநேரம் வேலை பார்க்கலாம் என்று அறைத்தோழர்கள் சொல்கிறார்கள். கூடுதல் நேரத்துக்குச் சம்பளச் சீட்டில் காட்டாமல் மணிக்கு ஏழு பவுண்டு கையில் தருவதாக உரிமையாளரும் சொல்கிறார். ஊரில் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி என்னை அனுப்பினார். மாதா மாதம் வட்டியையும் அவரே கட்டுகிறார். அதை நினைத்தால் மறுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ச., லெஸ்டர்

அன்புள்ள ச.,

கூடுதல் நேரத்தை ஏற்காதீர்கள். உங்கள் அப்பாவின் சுமையை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் விடுமுறை பற்றி. இளநிலை மாணவர்களுக்குக் கோடை உண்மையிலேயே விடுமுறைதான், அப்போது அவர்கள் முழுநேரம் வேலை செய்யலாம். ஓராண்டு முதுநிலைப் படிப்பில் நிலைமை வேறு. வகுப்புகள் நின்றாலும் ஆய்வேடு எழுதும் மாதங்கள் படிப்பின் பகுதியே என்பதால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்தக் காலத்தை வகுப்பு நடக்கும் காலமாகவே கணக்கிடுகின்றன, வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற மாணவர் விசா வரம்பும் படிப்பு முடியும் தேதி வரை தொடர்கிறது. உங்கள் அறைத்தோழர்கள் பொய் சொல்லவில்லை. இளநிலை மாணவர் ஒருவருக்குப் பொருந்திய விதியைக் கேட்டு உங்களுக்கும் பொருந்தும் என்று நம்பியிருப்பார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் படிப்புக்கான விடுமுறைத் தேதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் மட்டுமே உங்களுக்குக் காப்பு.

அந்த இருபது மணி நேரமும் சராசரி அல்ல. திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய ஒரு வாரம். ஒரு வாரம் பன்னிரண்டு மணி நேரமும் அடுத்த வாரம் இருபத்தெட்டு மணி நேரமும் வேலை செய்தால், இரண்டாவது வாரத்தில் விசா நிபந்தனையை மீறிவிட்டீர்கள். இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சுயதொழிலுக்கும் மாணவர் விசாவில் இடமில்லை, ஆகவே விநியோகச் செயலியில் வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு விநியோகத்துக்குப் போகும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ஏழு பவுண்டுக்கு வருகிறேன். 2025 ஏப்ரலிலேயே 21 வயது நிறைந்தவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆகிவிட்டது. உரிமையாளர் உங்களுக்கு உதவுவதாகத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து பவுண்டுக்கு மேல் உங்களிடமிருந்தே எடுத்துக்கொள்கிறார். விடுப்புக்கால ஊதியமும் அந்த நேரத்துக்குக் கிடைக்காது. பிடிபட்டால் அவருக்கு அபராதம் உண்டு, ஆனால் அவர் ஊரும் வீடும் அவருக்கு இருக்கும். உங்களுக்கு விசாவே ரத்தாகலாம். பின்னாளில் எந்த விண்ணப்பத்திலும் அந்த மீறல் கூடவே வரும். 2016-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் சட்டவிரோத வேலையைக் குற்றமாக்கி, அதில் ஈட்டிய கூலியைப் பறிமுதல் செய்யவும் வழிசெய்திருக்கிறது. சீட்டில் ஏறாத கூலியை அவர் தராமல் ஏமாற்றினால், எங்கே போய் முறையிடுவீர்கள்?

இதில் என்னை உண்மையாக வருத்துவது, இப்படி ஒரு கணக்கை நம்பி மாணவர்களை அனுப்பிவைக்கும் பேச்சு. பகுதிநேர வேலையில் கடனை அடைத்துவிடலாம் என்று சொல்லும் முகவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. அவர்கள் காட்டாத கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அந்த 12.21 பவுண்டுக் கூலியில் இருபது மணி நேரத்துக்கு 244.20 பவுண்டு, ஒரு வாரமும் தவறாமல் உழைத்தால் மாதத்துக்குச் சுமார் 1,058 பவுண்டு. லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு மாதச் செலவுக்கு 1,136 பவுண்டு தேவை என்று 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசே நிர்ணயித்தது. முழு வரம்புக்கும் உழைத்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே போதாத கூலியில் கல்விக் கட்டணத்தையும் வட்டியையும் எப்படிக் கட்ட முடியும்? இது உங்கள் சோம்பலால் வந்த பற்றாக்குறை அல்ல என்பதை அப்பாவிடம் இந்த எண்களோடு சொல்லுங்கள்.

கடனை அடைக்கும் வழி படிப்பு முடிந்த பிறகுதான் திறக்கிறது. இப்போது முதுநிலை முடித்தவருக்கு இரண்டாண்டு பட்டதாரி விசா கிடைக்கிறது, அதில் மணி நேர வரம்பு கிடையாது. மணிக்கு ஏழு பவுண்டுக்காக அந்த இரண்டாண்டுகளைப் பணயம் வைக்க வேண்டாம். பொதுத்துறை வங்கிக் கடன் என்றால், படிப்புக் காலத்திலும் அதன் பிறகு பொதுவாக ஓராண்டு வரையிலும் தவணை தொடங்காது. இப்போது வட்டி கட்டியே ஆக வேண்டுமா என்று கிளை மேலாளரிடம் அப்பா ஒருமுறை நேரில் கேட்கட்டும். பல பல்கலைக்கழகங்களில் நெருக்கடி நிதி உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உரிமையாளரிடம் கோபமாகப் பேச வேண்டியதில்லை. "என் விசாவில் இருபது மணி நேரம்தான், அதற்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்லுங்கள். அதற்காக அவர் வேலையை விட்டு நிறுத்தினால், நூலகத்திலும் மாணவர் சங்கத்திலும் உள்ள வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.