டிவி தொடரைப் படமாக்க யாரிடம் ரைட்ஸ் வாங்குவது?

கேள்வி: 1998-இல் ஒளிபரப்பான உளவாளித் தொடரை ஆக்‌ஷன் படமாக்க நினைக்கிறோம். உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், முத்திரைத்தாளில் என்.ஓ.சி. தந்து 3 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலில் 'எனக்கு ஆட்சேபனை இல்லை' என்பதுதான் இருக்கிறது. உரிமை அவருக்கு எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இப்படி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் மறு ஒளிபரப்பு உரிமையோ யூடியூப் உரிமையோதான் இருக்கும். அதை வைத்துப் படம் எடுக்க முடியாது.

எழுத்தாளர் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது, அவர் அடுத்தவருக்குக் கொடுத்தது என இவர் வரைக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் அசலையும் கேளுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். பிறகு உரிமை எழுத்தாளருக்கே திரும்பிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. இந்த 5 ஆண்டு விதி 1995 மே 10-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. தொடர் ஒளிபரப்பான தேதியைப் பார்க்காதீர்கள், கையெழுத்தான தேதியைப் பாருங்கள். 1998-இல் வந்த தொடரின் கதை உரிமையை 1994-லேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் '5 ஆண்டு முடிந்துவிட்டது' என்று வாதாட முடியாது. முத்திரைத்தாள் விற்பனையாளரின் முத்திரையிலும் தேதி இருக்கும். கையெழுத்துத் தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தில் தலைப்பு பதிந்த ரசீதையும் காட்டுவார்கள். அது தலைப்போடு சரி, கதையைத் தராது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவதும் கட்டாயமில்லை என்பதால் அங்கே தேடியும் முழு விடை கிடைக்காது. ஒரு தொடர் யாருடையது என்று பார்க்க நம்பகமான ஒரு பதிவேடுகூட இல்லை. தரகர்கள் பிழைப்பதே இதனால்தான். எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

டைட்டில் இசைக்குத் தனியாக அனுமதி வாங்குங்கள். கதாபாத்திரத்தை மாற்றவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1966-இல் தொடங்கிய 'மிஷன்: இம்பாசிபிள்' தொடர் 1996-இல் படமானபோது, குழுத் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸையே துரோகியாக்கினார்கள். இங்கே அப்படிச் செய்தால், உரிமையை விற்ற பிறகும் தன் பெயருக்குக் களங்கம் என்று எழுத்தாளர் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். மாற்றிய கதைச் சுருக்கத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து வேண்டும்.

ஆவணங்கள் சரியாக இருந்தால், ஒரு தமிழ், ஓர் ஆங்கில நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுத்து 15 நாள் காத்திருங்கள். மறுப்பு வராவிட்டால், உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே நேராக அட்வான்ஸைப் போடுங்கள்.