1024-ல ஓட்டுனா குண்டு விழத்தான் செய்யும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் கணினி விளையாட்டு சைலண்ட் ஹண்டர் 3. அதை ஆடும் சுங்கை சிப்புட் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்டவை. எல்லாமே விமானத் தொல்லைதான்.

அண்ணே, ஆட்ட நேரத்த வேகமா ஓட்டுற டைம் கம்ப்ரெஷன 1024-ல வெச்சு, பிரான்ஸ் பக்கத்து பிஸ்கே வளைகுடாவத் தாண்டுறேன். குண்டு விழுந்த பிறகுதான் விமானமே தெரியுது. காவலுக்கு நிக்கிறவங்க தூங்குறாங்களா?

தூங்கல தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்க. 1024-ல உங்க ஒரு வினாடி, கடல்ல 17 நிமிஷம். மணிக்கு 250 கிலோமீட்டர்ல வர்ற விமானம் அதுக்குள்ள 70 கிலோமீட்டர் தாண்டிடும். பார்த்ததும் ஆட்டம் தானா வேகத்தக் குறைக்கும்னு நம்பி உக்காந்தா, குறையும்போது அது தலைக்கு மேல இருக்கும். 32-ல வெச்சா வினாடிக்கு 2 கிலோமீட்டர் சொச்சம்தான். நீங்க ஓட்டுற 7சி ரக நீர்மூழ்கி அவசரமா முங்க அரை நிமிஷம் போதும், தப்பிச்சிடலாம். 1940-ல நடு அட்லாண்டிக்னா 1024 போடுங்க, யாரு கேக்கப் போறா? கரைப் பக்கம் மட்டும் வேணாம்.

32-ல ஊர்ந்தா விடிஞ்சிடும்ணே. காலையில பெரட்டுக்குப் போகணும்!

அப்ப பகல்ல முங்கிடுங்க. 50 மீட்டர் ஆழத்துல விமானம் உங்களப் பார்க்காது, அங்க தைரியமா 512 போடலாம். 4 நாட் வேகத்துல பேட்டரி 80 கடல் மைல் தாங்கும், அதாவது 20 மணி நேரம். 2 நாட்னா இன்னும் கூட. இருட்டுனதும் மேல வந்து, 32-க்கு இறக்கி, டீசல்ல பேட்டரிய ஏத்துங்க.

நான் 1943-ல இருக்கேன். ராத்திரியிலயும் அடிக்கிறான்.

அடிப்பான். 1942 ஜூன்லயே லீ லைட், அதாவது பிரிட்டிஷ் விமானத்துல மாட்டுற பெரிய தேடுவிளக்கு, வந்தாச்சு. ரேடார்ல பிடிச்சு, கிட்ட வந்ததும் வெளிச்சத்த அடிச்சு, குண்டு போடுவான். அதுல முதல்ல மாட்டுன இத்தாலிய நீர்மூழ்கி டொரெல்லி பிறகு நம்ம சிங்கப்பூர் வரைக்கும் வந்து சேர்ந்தது தனிக்கதை. விமான ரேடார் வர்றதக் காட்டிக்கொடுக்கிற மெடாக்ஸ் கருவிய நம்பாதீங்க. 10 சென்டிமீட்டர் ரேடார் அதுக்குக் கேக்காது. பேட்டரி ஏத்த மட்டும் மேல வாங்க, ஏறுனதும் முங்குங்க.

சுட்டு வீழ்த்தலாமா?

வேணாம். ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸே 1943-ல நின்னு சுடச் சொல்லிட்டு, ஆகஸ்ட்ல கைவிட்டாரு.

அண்ணே, ஆட்டத்த ஓடவிட்டுட்டு பசியாறிட்டு வரலாமா?

ஆட்டத்த நிறுத்தி வெச்சுட்டுப் போங்க தங்கச்சி.

பினாங்குக்கு ஜெர்மன் நீர்மூழ்கி வந்தது நெசமா?

நெசம்தான். 1943-லிருந்து அங்க அவங்க தளமே இருந்துச்சு. யூ-859ங்கிற ஜெர்மன் நீர்மூழ்கிய, அங்க வந்து சேர்ற நேரத்துல, 1944 செப்டம்பர் 23-ல அடிச்சு மூழ்கடிச்சிட்டாங்க. அடிச்சது விமானம் இல்ல, டிரெஞ்சன்ட்ங்கிற பிரிட்டிஷ் நீர்மூழ்கி. அதனால துறைமுகம் நெருங்கும்போது வானத்த மட்டும் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, வேகத்த 1-க்கே இறக்கிடுங்க.