கார்டு இருக்கட்டும், முதலில் அந்தத் துணியை எடுங்கள்

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். என் மகன் பிளஸ் ஒன் முடித்து லீவில் இருக்கிறான். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. மதுரையில் ஏதோ ஆபீஸில் கழித்துவிட்டதை வாங்கினோம், ஒல்லியான பெட்டி. ஐ3, 4 ஜிபி என்று கடைக்காரர் சொன்னார். அதில் மோஸ்ட் வாண்டட் என்ற கார் ரேஸ் விளையாடுகிறான். முதல் பத்து நிமிடம் சுமாராக ஓடுகிறது, அப்புறம் நின்று நின்று போகிறது. அவன் கூட்டாளி வீட்டுக் கம்ப்யூட்டர் எங்களுடையதைவிடப் பழசு. அதில் அதே கேம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம். கடையில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், பவர் சப்ளையும் மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம். நிவாரணப் பணம் 8,000 வந்த நாளிலிருந்து இவனுக்கு இதே பேச்சுதான். கடற்கரைக்குப் பக்கத்து வீடு என்பதால் கம்ப்யூட்டரை எப்போதும் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறேன். கார்டு வாங்கித் தரலாமா?
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. பணம் இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பணம் இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தத் துணி. "எப்போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் ஓடும்போதும் அது மேலேயே கிடக்கிறதா? உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: நடுக்கடலில் படகு எஞ்சினை ஓட்டிக்கொண்டே அதன் மேல் சாக்கைப் போட்டு மூடுவாரா? பெட்டிக்குள் கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் பிராசஸரும் அப்படித்தான். கார் ரேஸ் ஓடும்போது அது முழு மூச்சாக வேலை செய்து சூடாகும். காற்றாடி அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். வெளியே போக வழியில்லை என்றால், தான் கருகிவிடாமல் இருக்க பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடி அப்புறம் இழுக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான்.

அணைத்து, ஆறவிட்டு, ராத்திரி மூடி வையுங்கள். அது நல்ல பழக்கம்தான், நம் ஊருக்குத் தேவையும்கூட. ஓடும்போது மூடாதீர்கள். மேசையில் கதவு வைத்த அறைக்குள் தள்ளி வைத்திருந்தால் வெளியே எடுத்து, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

அடுத்தது சுத்தம். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற உங்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தனுஷ்கோடி ரோட்டையே மணல் மூடுகிற காற்று அது, ஜன்னல் வலையா தடுக்கும்? மணலைவிட உப்பு மோசம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டி, காற்றாடிக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். மதுரையில் ஊதினால் பறக்கிற தூசி, நம் பக்கம் சுரண்டினால்தான் வரும்.

நான் மண்டபத்தில் குடியிருந்த காலத்தில் என் முதல் கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலை ஒட்டி வைத்திருந்தேன். காற்று வருமே என்றுதான். ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் பட்டனை அழுத்தினால் நீளமாக ஒரு பீப், திரை கறுப்பு. தூக்கிக்கொண்டு போன கடையில் மதர்போர்டு போய்விட்டது, 4,500 ஆகும் என்றார்கள். சரி, மாத சம்பளம் வரட்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி, பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவன், பெட்டியைத் திறந்து, ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றினான். அதன் அடி ஓரத்தில் இருக்கிற பொன்னிறப் பட்டைகள் மங்கிப் போயிருந்தன. என் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, எழுத்தை அழிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தான். துகளைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினான். ஓடியது. அதற்கப்புறம் மூன்று வருடம் ஓடியது.

உங்கள் மகனையே செய்யச் சொல்லுங்கள். கேம் வேண்டுமென்றால் அதற்கான கையாள் வேலையும் அவனுடையதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். அப்புறம் மூடியைத் திறந்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யட்டும், அதை வேகமாகச் சுழல விடக் கூடாது. ஈரத் துணி பக்கத்திலேயே வரக் கூடாது. பவர் சப்ளை இருக்கிற இரும்புப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், அதற்குள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் பத்து வருடத்தில் காய்ந்து பொடியாகியிருக்கும். அதை மாற்றத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், சின்ன ட்யூப் போதும்.

இனி கூட்டாளி வீட்டுக் கதைக்கு வருவோம். உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, கூட்டாளியும் பொய் சொல்லவில்லை. நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில் மோஸ்ட் வாண்டட் என்ற பெயரில் இரண்டு கேம்கள் இருக்கின்றன. ஒன்று 2005-ல் வந்தது, இன்னொன்று 2012-ல் வந்தது. இரண்டிலும் போலீஸ் துரத்தும். மற்றபடி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, உருவாக்கிய குழுக்கள்கூட வேறு வேறு. ரேசர் என்று ஒருவன் நம் நீல வெள்ளி பிஎம்டபிள்யூவைத் தட்டிப் பறித்துக்கொண்டு போவதில் கதை தொடங்கினால் அது 2005. ஊருக்குள் அங்கங்கே நிற்கிற கார்களைக் கண்டுபிடித்து அதில் தாவி ஏறுகிற மாதிரி இருந்தால் அது 2012.

பழையது 256 எம்பி ரேமும் 32 எம்பி வீடியோ நினைவகமும் இருந்தாலே போதும் என்று அட்டையில் எழுதி வந்த கேம். டிஸ்கில் 3 ஜிபி இடம் பிடிக்கும். புதியது 512 எம்பி வீடியோ நினைவகம் கேட்கும், விண்டோஸ் எக்ஸ்பியில் நிறுவவே முடியாது. கூட்டாளியின் பெட்டி கிழமாக இருந்தும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்றால், அவன் வைத்திருப்பது பெரும்பாலும் 2005 ஆகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது 2012 ஆக இருக்க வேண்டும். ஒரே பெயர், அதனால் ஒரு வீட்டில் 18,000 ரூபாய்ச் சண்டை.

சொந்தமாக கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் படம் வரைகிற வேலையைப் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பகுதி செய்கிறது. அதற்குத் தனி நினைவகம் கிடையாது, அந்த 4 ஜிபியிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்ளும். அதனால் வேலையைக் குறைத்துக் கொடுப்பதுதான் வழி. கேமில் ரெசல்யூஷனை, அதாவது திரையின் புள்ளிக் கணக்கை, 1920-க்கு 1080 என்று வைத்தால் திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் வரைய வேண்டும். 1280-க்கு 720 என்றால் 9 லட்சத்துச் சொச்சம்தான். பாதிக்கும் கீழே. கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆனால் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் மரத்தின் இலையையா எண்ணப் போகிறான்? நிழல், பிரதிபலிப்பு, ஓடும்போது ஓரங்கள் கலங்கித் தெரிகிற எஃபெக்ட், இவற்றையெல்லாம் முதலில் அணைக்கட்டும். சாலையும் எதிர் வண்டியும் தெரிந்தால் போதும்.

அடுத்ததை உங்கள் மகன் நம்ப மாட்டான்: விநாடிக்கு 30 படம் என்று பூட்டி வைப்பது நல்லது. ஒருசமயம் 50, ஒருசமயம் 15 என்று ஆடுவதைவிட ஒரே சீரான 30-ல் கார் கைக்கு அடங்கும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 200 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 55 மீட்டர். விநாடிக்கு 15 படம்தான் வருகிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கார் மூன்றரை மீட்டருக்கு மேல் தாவிவிடுகிறது, கிட்டத்தட்ட ஒரு மாருதி நீளம். அந்த இடைவெளியில் எந்த வளைவைப் பிடிப்பது? சீரான 30 என்றால் தாவல் இரண்டு மீட்டருக்குள் நிற்கும். அது எப்போதும் ஒரே அளவாக இருப்பதால் விரலும் பழகிக்கொள்ளும்.

இதோடு ஒரு சின்ன விஷயம். "இடது பக்கம் திருப்பிக்கொண்டே ஹேண்ட்பிரேக் போட்டால் வேலை செய்யவில்லை" என்று அவன் எப்போதாவது விசைப்பலகையைத் தட்டியிருப்பான். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது போய்ச் சேராது. கீபோர்டின் உள் வயரிங் அப்படி. ஹேண்ட்பிரேக்கை ஸ்பேஸிலிருந்து ஷிஃப்ட்டுக்கோ கன்ட்ரோலுக்கோ மாற்றிப் பார்க்கட்டும். பல பேர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிற இடம் இது.

கேம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பென் டிரைவில்தான் வந்திருக்கும். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று அதில் எழுதியிருந்தால் அதைத் தொடவே கூடாது. அதே கம்ப்யூட்டரில்தான் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் எல்லாம் பார்ப்பீர்கள். அந்தக் காலத்து ஒரிஜினல் டிஸ்க் எங்காவது கிடைத்தாலும், அப்போது வந்த பல டிஸ்க்குகளில் காப்பி எடுப்பதைத் தடுக்க வைத்திருந்த சேஃப்டிஸ்க் என்ற பூட்டை விண்டோஸ் 10 ஏற்காது, அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு பைசா இல்லாமல், திருட்டு இல்லாமல் இரண்டு கேம் சொல்கிறேன். டிராக்மேனியா நேஷன்ஸ் ஃபாரெவர், 2008-ல் இலவசமாக வெளியிட்டது. அதில் எதிரியே நேரம்தான். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பாதையில் ஒரு நொடியின் சின்னத் துண்டுக்காக ஐம்பது தடவை திரும்பத் திரும்ப ஓடுவான். ரோஷம் உள்ள பையனுக்கு இது போதும். இன்னொன்று சூப்பர்டக்ஸ்கார்ட். லினக்ஸின் பென்குயின் ஓட்டுகிற குட்டிக் கார். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், அதை வைத்து எடைபோட வேண்டாம். அதில் திரையைப் பாதியாகப் பிரித்து ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஓட்டலாம். ஜூன் 14 வரை அவன் அப்பா கரையில்தானே இருப்பார்? உட்காரச் சொல்லுங்கள். படகு சுக்கானைத் திருப்பியவுடனே திரும்பாது, முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் ஒடிக்க வேண்டும். கார் ரேஸில் நம் பையன்கள் தோற்பது வளைவுக்குள் போன பிறகு திருப்புவதால்தான். முதல் இரண்டு நாள் அப்பா தோற்பார், மூன்றாம் நாள் மகன் கொஞ்சம் யோசிப்பான்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ரேமில் செய்யுங்கள். பெரும்பாலும் உங்கள் பெட்டியில் ஒரே ஒரு 4 ஜிபி பட்டைதான் மாட்டியிருக்கும். பக்கத்துப் பள்ளத்தில் இன்னொரு 4 ஜிபி போட்டால் கொள்ளளவு கூடுவதோடு நிற்காது. நினைவகத்துக்குப் போகிற பாதையே இரட்டையாகும், கார்டு இல்லாத பெட்டிக்கு அது நேரடி லாபம். பழைய பட்டை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்து, கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே இனத்தைக் கேளுங்கள். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டால் கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுந்துகொள்ளும், கேம் சீக்கிரம் திறக்கும். காரின் ஓட்டம் அதனால் பெரிதாக மாறாது. படிப்புக்கும் உதவும் என்பதால் அதை நான் தடுக்க மாட்டேன்.

கார்டை ஏன் வேண்டாம் என்றேன்? ஆபீஸில் கழித்த ஒல்லியான பெட்டிகளில் வழக்கமான உயரமுள்ள கார்டு உள்ளே நுழையாது. குட்டை கார்டு என்று தனியாகத் தேட வேண்டும். அதன் பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனி தனக்கென்று செய்த வடிவத்தில் இருக்கும், சாதாரண சப்ளை அதில் உட்காராது. கடைசியில் பெட்டியையே மாற்ற வேண்டும் என்பார்கள். 18,000-த்தில் தொடங்கியது எங்கே நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

துணியை எடுத்து, தூசியைத் தட்டி, 720-க்கு இறக்கி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் பத்தாவது நிமிடத்தில் இழுத்தால், ஐ3-க்குப் பின்னால் வருகிற நான்கு இலக்க எண்ணையும் பெட்டியின் முன்னால் ஒட்டியிருக்கிற மாடல் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அந்த எண்ணின் முதல் இலக்கத்தை வைத்துத்தான் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியும்.